அக்குள் சூட்டில் விழித்த பசை

கண்ணாடிக்காரர் செத்து ஏழாவது மாதம், பல் வைத்தியர் வீட்டு மாடிப்படி ஜன்னல் இருமியது. மூன்று இருமல், கடைசியில் ஒரு செருமல். சந்தேகமே இல்லை, அவருடையதுதான். வைத்தியர் முதலில் நோயாளிகளை முறைத்தார். வாயில் இடுக்கி இருப்பவன் எப்படி இருமுவான் என்று உறைத்ததும், ஜன்னலருகே தினமும் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டார். டம்ளர் மாலைக்குள் காலியாகிவிடும்.

அந்த ஜன்னலைச் செய்தவள் கண்ணாடிக்காரரின் மனைவி. வண்ணக் கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில், ஒரு பக்கம் பசை பூசிய மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி, துண்டுகளைச் சேர்த்து ஈயத்தால் பற்றவைப்பது அவர்கள் தொழில். அலமாரியில் பன்னிரண்டு வருஷத்துப் பழைய நாடாச் சுருள்கள் பதினொன்று கிடந்தன. பசை காய்ந்தால் நாடா விளிம்பைவிட்டு எழும்பிவிடும். "செத்த பசைய எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க, தூக்கிப் போடுங்க" என்பாள் அவள். "பசை சாகாதுடி, தூங்கும்" என்பார் அவர். சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அரை நாள் நடமாடுவார். சூட்டில் பசை விழித்துக்கொள்ளும். கடைசிச் சண்டையும் இதற்காகத்தான். மூன்று நாள் அவர் அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள் பேச அவர் இல்லை.

புதுச் சுருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவள் பழையதை அக்குளில் இடுக்கத் தொடங்கினாள். பசை விழித்தது. விழித்ததும், போன தடவை தன்னை எழுப்பியவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவருடைய தும்மல் வக்கீல் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் போயிற்று. அவர் அடிக்கும் சீட்டி நூலகத்துக்குப் போனது. 'அமைதி' என்ற பலகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவர் தப்பாகச் சொல்லும் ஏழாம் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்த வருஷம் ஊரே கணக்கில் தோற்றது. துடைக்கும் சாக்கில் அவள் ஒவ்வொரு ஜன்னலின் முன்னும் போய் நின்றாள். அவளுக்கென்று ஒரு வார்த்தை எதிலும் இல்லை.

மிஞ்சியது ஒரு சுருள், அந்த மூன்று நாளும் அவர் அக்குளில் இருந்தது. அதை வைத்துத் தன் சமையலறைக்கே ஒரு ஜன்னல் செய்தாள். எட்டு நாள், எட்டு மாதம், அது மூச்சுவிடவில்லை.

"அண்ணி, இதுல ஒண்ணுமே இல்ல. இந்தப் பசை நெஜமாவே செத்துப்போச்சு" என்றாள் நாத்தனார்.

"வாய மூடு. உங்கண்ணன் உள்ளதான் இருக்காரு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காரு, அவ்வளவுதான்."

அது உண்மை. அவள் பாட்டு முணுமுணுத்தால் பச்சைக் கண்ணாடி கருத்தது. அவள் தட்டோடு உட்கார்ந்தால், எதிரே யாரோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவளும் லேசில் இறங்கிவருகிறவள் அல்ல. இருவரும் நாலு வருஷம் இப்படியே முறைத்துக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "சரி. பசை சாகல. தூங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. போதுமா?"

வெகுநேரம் கழித்து ஜன்னல், "ம்" என்றது.

அவள் ஈரக்கையோடு போய்க் கண்ணாடியைத் தொட்டாள். அக்குள் சூடு இருந்தது. இப்போதெல்லாம் குளிர்காலத்தில் நாத்தனாரும் அங்கே வந்துதான் குளிர் காய்கிறாள்.