ஆளுக்கொரு பேசின்

அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பதற்கு லூசியாவிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன: ஒரு சின்னக் கத்தி, வளர்த்த பெருவிரல் நகம். கம்பனி கொடுத்தது கத்தியை மட்டும்.

பேசாலைக் கடற்கரையோரத்துக் கொட்டிலில் முன்பெல்லாம் எல்லாருடைய சதையையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்துத்தான் சம்பளம் பிரிப்பார்கள். புதிதாக வந்த சுப்பவைசர் றெனால்ட் அதை மாற்றினான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவனென்றால் மனம் ஆற ஏசலாம். "ஒருத்தற்ற உழைப்பை இன்னொருத்தர் தின்னக் கூடாது" என்று ஆளுக்கொரு பேசின் கொடுத்து, பேரும் எழுதி ஒட்டினான். பின்னேரம் குறித்த நிறை வராவிட்டால், அந்தப் பேருக்கு மறுநாள் வேலை இல்லை.

மதுஷிகாவின் பேசின் நிறைவதில்லை. தகப்பன் பாரிசவாதத்தில் கிடந்தார். அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி, கஞ்சி தீத்திவிட்டு அவள் ஓடிவரும்போது மற்றவர்கள் பாதிக் கூடை முடித்திருப்பார்கள்.

உலை வைக்கமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்பது லூசியாவின் வழக்கம். ஒருநாள் றெனால்ட் போன் கதைக்க வெளியே போனபோது அந்தக் கை தன்பாட்டில் ஒரு பிடி சதையை மதுஷிகாவின் பேசினில் போட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த நிஸ்லா கண்டுவிட்டாள்.

"என்ன லூசியாக்கா, களவோ?"

"களவெண்டா எடுக்கிறதெல்லோடி. நான் போடுறன்."

"அப்ப என்ரயையும் போடுங்கோ."

அதற்குப் பிறகு ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. எல்லாரும் போட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை மதுஷிகா வரவேயில்லை. விடியவே தகப்பனுக்கு மூச்சு முட்டி, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக நிஸ்லாவின் போனுக்குச் செய்தி வந்தது. 'பாவம் பெட்டை, இண்டைக்கு வெறும் பேசின்' என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே நினைத்தாள். ஒரு பிடி போடுகிறவள் இரண்டு பிடி போட்டாள். இரண்டு பிடிக்காரி, ஆரும் பார்க்காத நேரம் இன்னொருக்காவும் போட்டாள்.

அன்றைக்குப் பார்த்து, ஆகக் கூடின நிறை எடுத்தவருக்கென்று கம்பனி ஒரு றைஸ் குக்கர் அனுப்பியிருந்தது. அன்றைக்குப் பின்னேரம்தான் கொட்டிலுக்கு வந்த றெனால்ட் பேசின்களை நிறுத்துவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறிவித்தான்.

"முதலாவது, மதுஷிகா!"

ஒருவரும் கைதட்டவில்லை.

"எங்க ஆள்? முன்னுக்கு வாங்கோ."

"ஆஸ்பத்திரியில, தம்பி," என்றாள் லூசியா. அவசரத்துக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

"எப்ப போனவா?"

"விடியவே."

றெனால்ட் பேசினைப் பார்த்தான். "அப்ப இது?"

"நாங்கள் போட்டனாங்கள். எங்கட நிறை குறையேல்லைத்தானே?"

"அக்கா, எல்லாருக்கும் ஒரே ஞாயம் எண்டுதானே நான் இவ்வளவு பாடுபடுறன்!"

"ஞாயம் ஒண்டுதான், தம்பி. எல்லாருக்கும் அப்பாவும் ஒராளே?"

நிஸ்லா முக்காட்டால் வாயைப் பொத்தினாள்.

"உங்கட அம்மாவும் படுக்கையிலதானே," லூசியா விடவில்லை. "ஆர் பாக்கிறது?"

"தங்கச்சிதான். அவ வீட்டில சும்மாதானே இருக்கிறா."

லூசியா மதுஷிகாவின் பேசினை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

றெனால்ட் யோசித்தான், உண்மையாகவே யோசித்தான். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம். சதையைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால், எந்தப் பிடி எவளுடையது என்று தெரியவில்லை. பேசினிலிருந்த பேரைச் சுரண்டி எடுத்தான். அந்தச் சதை ஒருவருடைய நிறையிலும் சேரவில்லை; மதுஷிகாவுக்கு மறுநாள் வேலையும் இல்லை.

"வீணாக்காதேங்கோ," என்றான் லூசியாவிடம். "நல்ல சதை. லொறியில ஏத்திவிடுங்கோ."

லூசியா அதையும் மற்றதோடு கொட்டி ஐஸ் போட்டுக்கொண்டிருந்தபோது நிஸ்லாவின் போனில் மதுஷிகாவின் குரல் வந்தது.

"அப்பாவுக்கு இப்ப சுகம், அக்கா. மாமி நிக்கிறா. நாளைக்கு நான் எல்லாருக்கும் முதல் வந்திடுவன் எண்டு றெனால்ட் அண்ணையிட்டச் சொல்லிவிடுங்கோ."

லூசியா ஐஸ் பெட்டியை மூடினாள். ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு லொறி முருங்கன் பக்கம் போனது.