மூன்றாவது சீட்டு

தபாலில் வந்த உறையைக் கிழித்துப் பார்த்ததும் சாவிக்காரருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏழாம் தேதி காலை, சரக்கு இறக்கும் மஞ்சள் கட்டத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் வேனை நிறுத்தியதற்கு அபராதமாம்.

"எந்தக் கேமராவுக்கோ கண்ணுல பூ விழுந்திருக்கு," என்று சீட்டை மனைவியிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். சிரிக்கவில்லை. "இது மூணாவதுங்க," என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரே வருஷத்தில் மூன்று சீட்டு வாங்கினால் மஞ்சள் கட்டத்தில் வண்டி நிறுத்தும் தொழில் பர்மிட் போய்விடும். அந்தக் கடைத்தெருவுக்கு மொத்தமே ஆறு பர்மிட். அவருக்கோ கடை என்று தனியாக எதுவும் கிடையாது, வேன்தான் கடை. சாவி வெட்டும் மெஷினும் டிரில்லும் இன்னும் பல் வெட்டாத நாலாயிரம் மொட்டைச் சாவிகளும் அதற்குள்தான் குடியிருந்தன. பூட்டிக்கொண்ட கதவுக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அந்த நாலு தெருக்காரர்கள். வேனை எங்கோ நிறுத்திவிட்டு மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வர ஐம்பத்தெட்டு வயது இடம் கொடுக்காது.

மஞ்சள் கட்டத்தில் நிறுத்துகிறவர், வந்த நேரத்தைக் கடிகாரம் போட்ட ஓர் அட்டைத் தட்டில் திருப்பி முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். அரைமணியில் வண்டியை எடுத்துவிட வேண்டும். இது விதி. தெருவின் வழக்கம் வேறு. ஒவ்வொரு வண்டிக்கும் மாற்றுச் சாவி ஒன்று பக்கத்துக் கடையில் தொங்கும். வேலை இழுத்துக்கொண்டால் ஒரு போன் போதும், பக்கத்துக் கடைக்காரர் வந்து தட்டைத் திருப்பிவிடுவார். வண்டி நகராது, நேரம் மட்டும் நகரும்.

சாவிக்காரருக்குப் பக்கத்துக் கடைக்காரர் அந்நியரும் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி. படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை அவருடையது. ஏழாம் தேதி ஒரு வக்கீல் ஆபீஸ் கதவு சண்டித்தனம் பண்ணியபோது சாவிக்காரர் அவருக்கு இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும், "திருப்பிட்டேன் சம்பந்தி, நீங்க நிதானமா வாங்க," என்றுதான் பதில் வந்தது.

ஆகவே சீட்டை எடுத்துக்கொண்டு நேரே அங்கேதான் போனார். கல்லாவில் மகள் உட்கார்ந்து யாருடைய கல்யாணப் படத்தையோ அளந்துகொண்டிருந்தாள். சம்பந்தி மாடியில் இருந்தார். ஜன்னலோரம் மேஜை, மேஜையில் கண்ணாடித் தகடு, கையில் வெட்டும் கத்தி. ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டிவைத்திருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

"நேர்ல போகாதீங்க," என்றார் சம்பந்தி, சீட்டைப் படித்துவிட்டு. "அங்க மனுஷனை நிக்கவச்சுக் கேள்வி கேப்பாங்க. நமக்கு எதுக்கு அந்த அசிங்கம்? தபால்ல ஒரு மன்னிப்பு எழுதிப் போடுங்க."

"மன்னிப்பு கேட்டா பர்மிட்டைத் திருப்பித் தருவானா? நேர்லதான் போகப்போறேன். நீங்க ஒரு சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுங்க. நடுவுல நான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தேன்னு."

சம்பந்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். "கடிதமெல்லாம்..."

"என்ன யோசனை? பொண்ணைக் கேட்டப்போகூட இவ்வளவு யோசிக்கலையே நீங்க."

சம்பந்தி சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அழகான கையெழுத்து. பத்தரைக்கு வேன் புறப்பட்டதையும் பதினொன்றுக்குத் திரும்பியதையும் கடை வாசலில் நின்று கண்ணால் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, ஜன்னலைக் காட்டி, "இந்தத் தங்கப்பல்லுக்கு எப்ப விடிவுகாலம்?" என்றார்.

அது பழைய கேலி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் சாவிக்காரர்தான் அந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் மாட்டினார். நாலு வெள்ளைத் திருகாணியில் ஒன்று குறைந்தது. கைக்குக் கிடைத்த பித்தளைத் திருகாணியைப் போட்டு முடுக்கிவிட்டு, நாளைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். அந்த நாளை இரண்டு வருஷமாக வரவில்லை.

"நாளைக்கு மாத்திடறேன் சம்பந்தி," என்று சொல்லிவிட்டுக் கடிதத்தோடு இறங்கினார்.

நகராட்சி ஆபீசில் டோக்கன் எண் நாற்பத்தாறு. முன்னால் இருந்தவர், 'நோ பார்க்கிங்' பலகையை மரக்கிளை மறைத்ததாக வாதாட, கையோடு ஒரு கிளையையே ஒடித்துக் கொண்டுவந்திருந்தார். மரத்தை ஒடித்ததற்குத் தனி அபராதம் உண்டு என்று காவலாளி அவரிடம் சொன்னதும் கிளை பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. சாவிக்காரர் சிரித்துக்கொண்டே சுவர்ப் பலகையை மேய்ந்தார். பர்மிட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒட்டியிருந்தது. அவருடைய தெருவில் முதல் பெயர், ஃபிரேம் கடை. போன வருஷத்துத் தேதி.

அடடே, என்னிடம் சொல்லவே இல்லையே என்று நினைத்தார். அப்புறம் ஞாபகம் வந்தது. போன வருஷம் டீக் கடையில் சம்பந்தி கேட்டார்: "ரெண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்திட்டுக் கண்ணாடி தூக்கிட்டு வர முடியலை. வாரத்துல ரெண்டு நாள் உங்க இடத்தை நான் எடுத்துக்கட்டுமா?" அதற்கு இவர், "பர்மிட் என்ன சிகரெட்டா சம்பந்தி, ஆளுக்கு ஒரு இழுப்பு இழுக்க?" என்றார். கடையே சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். பாவம், அதற்குப் பிறகு வந்து மனு போட்டிருக்கிறார். இந்த வழக்கு முடியட்டும், வாரத்தில் இரண்டு நாள் விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று சாவிக்காரர் தீர்மானித்துக்கொண்டார்.

நாற்பத்தாறைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த அதிகாரியம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"கேமரா தப்பா எடுத்திருக்குங்க," என்று ஆரம்பித்தார் சாவிக்காரர்.

"கேமரா எடுக்கலை. பொதுஜனம் ஒருத்தர் எடுத்து அனுப்பினது. யாருன்னு சொல்லக்கூடாது." அந்தம்மா மூன்று படங்களை மேஜையில் பரப்பினார். "பத்து அஞ்சு, பத்து நாப்பது, பதினொண்ணு பத்து. தட்டு சமத்தா நகருது பாருங்க. ஆனா முன் சக்கரத்துல காத்தடிக்கிற வால்வைப் பாருங்க. மூணு படத்துலயும் ஒரே இடத்துல நிக்குது. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டு வந்திருந்தா இப்படி நிக்குமா?"

சாவிக்காரர் குனிந்தார். வால்வைப் பார்க்கத்தான் குனிந்தார். மூன்றாவது படத்தின் ஓரத்தில், பாதி திறந்த ஜன்னல் கதவு கொஞ்சம் விழுந்திருந்தது. அதில் ஒரு தாழ்ப்பாள். மூன்று வெள்ளைத் திருகாணி, ஒன்று மஞ்சள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊரில் யார் மாட்டிய தாழ்ப்பாளையும் அவர் மறந்துபோகலாம். தன் கையால் மாட்டியதை மறக்க மாட்டார்.

"மனுவுல சாட்சிக் கடிதம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க," என்றார் அதிகாரியம்மா. "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். படத்துக்கு முன்னால அது நிக்காது. பொய்ச் சாட்சின்னு ஆச்சுன்னா எழுதினவருக்கும் அபராதம். பர்மிட்டுக்குக் காத்திருந்தா பட்டியல்லேர்ந்து பேரையும் அடிச்சிடுவோம்."

கடிதம் பைக்குள் இருந்தது. விரல் அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். தன் பர்மிட் எப்படியும் போகப்போகிறது, அந்த ஆளுக்கும் கிடைக்காமல் போகும். தன் கையெழுத்தாலேயே அகப்பட்டுக்கொள்வார்.

அப்புறம்? அந்தக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது இவர் மகள். அபராதச் சீட்டு அந்த வீட்டுக்குத் தபாலில் வரும். அவள்தான் உறையைப் பிரிப்பாள். அதுவும் போகட்டும், அந்தப் பொய்யை எழுதச் சொன்னதே இவர்தானே.

"கடிதத்தை வீட்டுல மறந்துட்டேங்க," என்றார்.

அந்தம்மா பைக்குள் இருந்த அவர் கையைப் பார்த்தார். பர்மிட் அட்டையை வாங்கி ஒரு ஓரத்தில் துளை போட்டார். "இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் செல்லும்."

சாவிக்காரர் கடைசித் தடவையாக மஞ்சள் கட்டத்தில் வேனை நிறுத்தினார். தட்டில் நேரத்தைச் சரியாகத் திருப்பிவைத்தார். பின்கதவைத் திறந்து ஒரு வெள்ளைத் திருகாணியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டார்.

"என்னாச்சுப்பா?" என்றாள் கல்லாவில் மகள்.

"முடிஞ்சதும்மா. மாமா மேல இருக்காரா?"

சம்பந்தி கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. என்ன சொன்னாங்க?" என்று பதற்றமாகக் கேட்டார். சாவிக்காரர் நேரே ஜன்னலுக்குப் போய்ப் பித்தளைத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அட, இப்ப எதுக்கு சம்பந்தி அது?"

"போட்டோவுல விழுது."

கண்ணாடி மேல் ஓடிக்கொண்டிருந்த கத்தி நின்றது. சாவிக்காரர் வெள்ளைத் திருகாணியை வைத்து முடுக்கினார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, அதன் மேல் தங்கப்பல்லை வைத்தார்.

"இதைக் கொடுக்கலை. கொடுத்திருந்தா பட்டியல்ல உங்க பேரு இருந்திருக்காது."

சம்பந்தி கடிதத்தைப் பார்த்தார். "கால் முடியலை சம்பந்தி," என்றார். "கேட்டேன். எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க."

"சிரிச்சேன். தப்புத்தான். தட்டைத் திருப்பச் சொல்லி நான் போன் பண்ணப்போ முடியாதுன்னு சொல்லியிருந்தா நானே ஓடிவந்து வண்டியை எடுத்திருப்பேன். நீங்க திருப்பிட்டு, நிதானமா வாங்கன்னும் சொல்லிட்டு, இந்த மாடிக்கு ஏறி வந்திருக்கீங்க. அந்தக் காலோட. ரெண்டு தடவை."

சம்பந்தி கத்தியைக் கீழே வைத்தார்.

கீழேயிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, அரைமணி ஆகப்போகுது. சாவி இங்கதான் தொங்குது. தட்டைத் திருப்பிவிடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் சாவிக்காரர். "அந்தச் சாவியை எடுத்து வை. வண்டியை எடுத்துடறேன்."