ஒன்றாம் குளம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிற பையனை, அவன் கழுத்து திரும்புகிற விதத்தை வைத்தே பிடித்துவிடுவேன். அதனாலோ என்னவோ, இணையக் கலைக்களஞ்சியத்திலும் எனக்கு அதே வேலைதான் வாய்த்தது. அங்கே யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம். எழுதியதை என்னைப் போன்ற தன்னார்வலர்கள் சரிபார்ப்போம். தமிழ்ப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழாக்கி, சொற்களை அங்கும் இங்கும் புரட்டிப் போட்டால் எந்தக் கணினிக்கும் தெரியாது. அதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் வேதா டீச்சருக்குத்தான் உண்டு என்பார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

போன வாரம் விமல்ராஜ் ஒரு புகார் அனுப்பினான். விமல்ராஜ் சென்னையில் இருக்கிற பையன், என்னோடு சேர்ந்து சரிபார்ப்பவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். புகார் எங்கள் ஊரைப் பற்றியது. கிரிவலப் பாதையில் உள்ள குளங்கள் என்று தென்றல் என்ற பெண் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தாள். முப்பத்தொரு குளங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், பெயர், படிகளின் எண்ணிக்கை, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், யார் வெட்டியது, இப்போது என்ன கதி என்று ஒரு பத்தி. இதே முப்பத்தொரு குளங்களைப் பற்றி க்ளாரா வென்ட் என்ற வெளிநாட்டு அம்மாள் இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டிருந்தார். கட்டுரை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே புத்தகம் வந்துவிட்டது.

இரண்டையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பக்கம் பக்கமாகப் பரப்பினேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். மழை வலுத்தால் படிகள் ஒவ்வொன்றாக மூழ்கும், பெண்கள் ஐந்தாம் படியில் நின்று துணி துவைப்பார்கள், ஆறாம் படி பாசி என்று புத்தகம் சொன்னது. கட்டுரையும் அதையே, அதே வரிசையில் சொன்னது. ஐந்தாம் படி அங்கும் ஐந்தாம் படி, இங்கும் ஐந்தாம் படி. ஒரு மணி நேரத்தில் இரண்டு தாளும் சிவந்துவிட்டன. சொல் மாறியிருக்கிறது, கருத்து மாறவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. பொய் சொல்வானேன், சந்தோஷம்தான்.

கட்டுரைக்குப் பின்னால் எல்லாரும் படிக்கும்படி ஒரு பேச்சுப் பக்கம் இருக்கும். அதில் என் பெயர் போட்டு எழுதினேன்: "இது அப்பட்டமான திருட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்." அன்று மாலையே தென்றல் ஒரே ஒரு வரியில் பதில் போட்டாள்: "இது என் எழுத்து." நான் விடுவேனா? "காப்பி அடித்த எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்" என்று கீழே எழுதினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏழு நாள் விவாதம் நடக்கும், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விமல்ராஜ் முடிவெழுதுவான் என்பது ஏற்பாடு. முடிவு இன்னதென்று எல்லாருக்கும் தெரியும். கட்டுரை நீக்கப்படும், இனி அங்கே எழுத அவளுக்கு நிரந்தரத் தடை.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது தென்றலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"டீச்சர், ஆறு மணிக்கு முன்னால் என்னை ஒருமுறை நேரில் பார்க்க முடியுமா? திங்கட்கிழமை என் ஆய்வுப் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. என் ஆய்வும் இந்தக் குளங்களைப் பற்றியதுதான். நீங்கள் எழுதியதை யாரோ என் வழிகாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மணிக்கு உங்கள் பக்கத்தில் வருகிற முடிவைப் பார்த்துவிட்டுத் தேர்வை நடத்துவதா, பதிவையே ரத்து செய்வதா என்று சொல்வதாகச் சொல்லிவிட்டார். ஆறு வருஷ உழைப்பு. அடி அண்ணாமலையில் மாட்டுக்குளத்துக்கு எதிரே பச்சை கேட் போட்ட வீடு. நானே வந்திருப்பேன், இங்கிருந்து இன்று வண்டி எதுவும் வெளியே வர முடியாது."

கீழே போன் நம்பர் இருந்தது. நாலு தடவை போட்டேன். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் போன் எடுக்குமா? லட்சம் பேர் மலையைச் சுற்றும்போது டவர் என்ன செய்யும்? எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அழுது காரியம் சாதிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சரி, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே வருகிறேன், இந்தா சிவப்புத் தாள், நீயே பார் என்று கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

வேங்கிக்காலில் ஆட்டோ ஏறினேன். செங்கம் ரோட்டில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள்.

"இதுக்கு மேல போவாதும்மா. நடராஜா சர்வீஸ்தான்" என்று ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். மணி இரண்டரை.

வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனது. மலை வலப்பக்கம் கூடவே வந்தது. சும்மா நடப்பானேன் என்று பையிலிருந்த தாளை எடுத்துக் குளங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் கண்ணில் பட்டதைத் தாளில் தேடினேன். இருபதாம் குளம் என்று இருந்தது. என்னடா இது, கோயிலிலிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர்கூட வரவில்லையே, அதற்குள் இருபதா? அடுத்தது இருபத்தொன்று. அதற்கடுத்தது இருபத்திரண்டு. வரிசை சரியாகத்தான் போனது. அப்படியானால் ஒன்றாம் குளம் எங்கே?

தாளின் தலையைப் பார்த்தேன். ஒன்று: மாட்டுக்குளம். அவள் வீட்டுக்கு எதிரே இருப்பதாக எழுதியிருந்தாளே, அதே மாட்டுக்குளம்.

நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்துவிட்டு, "இன்னாம்மா, போம்மா" என்று திட்டிக்கொண்டே போனார். புத்தகத்தின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்று மாட்டுக்குளம்தான். ஒரு வாரமாக இந்த இரண்டு வரிசையும் ஒன்று என்று சிவப்புக் கோடு போட்டவள், அந்த வரிசை எங்கே தொடங்குகிறது என்று ஒரு தடவையாவது பார்த்தேனா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்! வாக்கியத்தைப் பார்த்தேனே தவிர குளத்தைப் பார்க்கவில்லை.

கிரிவலத்தை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், தொடங்கின இடத்தில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். டவுன்காரர்கள் நாங்கள் ராஜகோபுரத்தில் தொடங்குவோம். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் எங்களைப் பார்த்து அங்கேயேதான் தொடங்குவார்கள். க்ளாரா வென்ட்டும் அப்படித்தான். தினமும் விடியற்காலையில் ராஜகோபுரத்தின் முன் நின்று நடையைத் தொடங்கினேன் என்று முன்னுரையில் பெருமையாக எழுதியிருந்தார். அப்படித் தொடங்கினவர் பாதி மலையைத் தாண்டிப் போய், மலைக்குப் பின்பக்கத்தில் இருக்கிற மாட்டுக்குளத்துக்கு ஏன் ஒன்று என்று எண் போட வேண்டும்? அதற்கு ஒன்று போடுகிறவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறார்கள். அடி அண்ணாமலைக்காரர்கள். அவர்கள் தங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கிருந்தே சுற்றுவார்கள்.

வகுப்பில் இரண்டு பரீட்சைத் தாளில் ஒரே விடை இருந்தால் ஒருவன் காப்பி அடித்திருக்கிறான் என்று தெரியும். எவன் என்பது தெரியாது. இருபத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதிவிட்டேன். மணி மூன்றேகால். ஓட்டமும் நடையுமாகப் போனேன். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று குளங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணும் என்னைத் திட்டுவதாக இருந்தது. விமல்ராஜுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பச்சை கேட்டை அடைந்தபோது மணி நாலே முக்கால். முப்பது வயசிருக்கும், கண் வீங்கிய ஒரு பெண் வெளியே வந்தாள்.

"வேதா டீச்சரா? இன்னா டீச்சர், நடந்தா வந்தீங்க? உக்காருங்க, தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். மாட்டுக்குளத்துக்கு ஏம்மா ஒண்ணுனு நம்பர் போட்டே?"

அவளுக்குப் புரியவில்லை. "வீட்டு எதிர்ல இருக்குதே டீச்சர். நாங்க இங்கருந்துதானே சுத்துவோம்."

"அந்தம்மா புத்தகத்துலயும் இதுதான் ஒண்ணு."

"ஆமா. நான் எழுதிக் குடுத்த வரிசைதானே அது."

உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய போனையும் நாலு நோட்டையும் கொண்டுவந்தாள். க்ளாரா வென்ட் இங்கே தங்கியிருந்தபோது தென்றல்தான் கூடப் போய் ஊர்க்காரர்களிடம் பேசியிருக்கிறாள், படிகளை எண்ணியிருக்கிறாள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு குளத்தைப் பற்றியும் தமிழில் நோட்டில் எழுதி, அதையே இங்கிலீஷில் மாற்றி அனுப்பியிருக்கிறாள். போனில் எல்லாம் தேதியோடு இருந்தன. "ஒன்பதாம் குளம் கிடைத்தது, அருமை, பத்தை அனுப்பு" என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் போட்ட பதிலும் இருந்தது. புத்தகம் வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

"புக்கு வந்துச்சு. என் பேரு எங்கயாச்சும் இருக்குதானு முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன் டீச்சர். ஒரு வரி நன்றிகூட இல்ல. சரி போவுது, என் நோட்டு என்கிட்ட இருக்குது, நான் தமிழ்ல போடுறேன், நம்ம ஜனங்க படிக்கட்டும்னு போட்டேன். அதுக்கு நான் திருடி."

"இதை அன்னிக்கே ஏம்மா காட்டல?" என்றேன்.

அவளுக்கும் கோபம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"யாரு டீச்சர் கேட்டீங்க? எங்கருந்து எடுத்தே, ஆதாரம் இருக்குதானு ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் எழுத்துனு சொன்னேன், எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்லுவான்னுட்டீங்க. அதுக்கப்புறம் நான் இன்னாத்தைச் சொல்றது? நாலு நாளா நான் சோறு துன்னல, தெரியுமா உங்களுக்கு?"

மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. வீட்டில் போன் டவர் ஒரு கோடுகூட இல்லை. "நெட்டு எங்க இருக்கும்?" என்றேன். "சுப்பன் அண்ணன் ஜெராக்ஸ் கடையில கேபிள் நெட்டு இருக்குது, உங்களுக்கு மெயில் போட்டதும் அங்கருந்துதான்" என்றாள். நோட்டையும் பழைய போனையும் அவள் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருநூறு அடி தூரம்தான். அந்தக் கூட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகப் பத்து நிமிஷம் ஆனது. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க ஜனம் மொய்த்துக்கொண்டிருந்தது. சுப்பன் நிலைமையைக் கேட்டுவிட்டு, "உள்ள வாங்க, கல்லா பக்கத்துல உக்காருங்க. கனெக்சன் ஸ்லோவா இருக்கும், பதறாதீங்க" என்றார்.

பதறாமல் எப்படி இருப்பது? பேச்சுப் பக்கம் திறக்கவே ஆறு நிமிஷம் பிடித்தது. ஐந்து முப்பத்தெட்டு. போனில் இருந்த செய்திகளையும் நோட்டுப் பக்கங்களையும் படம் பிடித்து ஏற்றினேன். மூன்றாவது படம் பாதியில் நின்றது, மறுபடி ஏற்றினேன். ஐந்து நாற்பத்தாறு. பிறகு மேலே போய், நான் எழுதிய அந்த இரண்டு வரியையும் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன்.

தென்றல் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதை அழிக்காதீங்க."

"அது தப்பும்மா. அசிங்கம். இருக்கக் கூடாது."

"அது என் வழிகாட்டிகிட்ட இருக்குது. டிபார்ட்மெண்ட்ல எல்லார் போன்லயும் இருக்குது. இங்க மட்டும் அழிச்சா, டீச்சர் எழுதவே இல்லைனு ஆயிடும். நான் திருடினது மட்டும் நிக்கும். இருக்கட்டும். அதுக்குக் கீழ, உங்க பேரு போட்டு எழுதுங்க."

அழித்துவிடுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அவள் கை என் மணிக்கட்டில் இருந்தது, சில்லிட்டுப் போயிருந்தது. நான் என் வரிகளை அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: "மேலே தென்றலைத் திருடி என்று எழுதியவள் நான், வேதா. நான் எழுதியது பொய். இந்த எழுத்து அவருடையது. புத்தகம்தான் அவரிடமிருந்து எடுத்திருக்கிறது. ஆதாரம் கீழே இருக்கிறது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஐந்து ஐம்பத்து மூன்றுக்குப் பதிவானது. சுப்பன் கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் விமல்ராஜிடமிருந்து பதில் வந்தது.

"அக்கா, இதை எழுதினது நீங்கதானா? உங்க கணக்கை யாரோ திருடிட்டாங்கனு பயமா இருக்கு. உறுதிப்படுத்துங்க, இல்லைனா கணக்கை முடக்கிடுவேன்."

ஒன்பது வருஷமாக என்னோடு வேலை பார்க்கிற பையன். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நம்ப முடியவில்லை அவனுக்கு. "நான்தான்டா" என்று எழுதினேன். போதாது என்று தோன்றியது. "நான்தான் எழுதினேன், தப்பு என்னுடையதுதான்" என்று இன்னொரு தடவை எழுதினேன். ஆறு மணிக்கு அவன் முடிவை எழுதினான்: கட்டுரை இருக்கும், தடை இல்லை.

ஆறே காலுக்கு வழிகாட்டியிடமிருந்து தென்றலுக்குச் செய்தி வந்தது. திங்கள் பத்து மணிக்கு வா, அந்த நோட்டுகளையும் எடுத்து வா என்று. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தி அழுதாள். சுப்பன் இரண்டு டீ வரவழைத்தார். நான் கையில் வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை.

அழுது முடித்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"டீச்சர், எனக்கு முன்னாடி எத்தினி பேரு உங்ககிட்ட, இது என் எழுத்துனு சொன்னாங்க?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

பொய் சொன்னேன். பதினேழு பேர். எல்லாருடைய பெயரும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடம்கூட நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.