இடது கைக்கு ஒரு பிஸ்டல்

கோரா எங்கள் கடைக்குள் வந்தபோது ஓட்டிஸ் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பீன்ஸில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டில் இருக்கும் சுடுகளம் அவர் பொறுப்பு. விற்பனை என்னுடையது. கிழக்கு ஓக்லஹோமாவில் மான் வேட்டைக் காலம் முடிந்துவிட்டால் வாரநாட்களில் துப்பாக்கிக் கடைக்கு யாரும் வருவதில்லை.

முப்பது வயதிருக்கும் அவளுக்கு. கோழித் தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"ஒரு பிஸ்டல் வேணும் மேடம். வீட்டுல பாதுகாப்புக்கு."

மூன்றை எடுத்துத் துணிமேல் வைத்தேன். கால்சட்டைப் பையில் மறையும் குட்டி ஒன்று. நடுத்தரம் ஒன்று. போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்கவிடும் பெரியது ஒன்று.

"சின்னதுதான் நல்லதுன்னு எல்லாரும் நெனைப்பாங்க. ஆனா அது கைய உதைக்கும். ஸ்பிரிங் விறைப்பா இருக்கும். பெருசு சுமக்கக் கஷ்டம், சுடச் சுகம். சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு கண்ணு."

ஓட்டிஸ் எங்களைச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போனார். குட்டியில் மூன்றாவது தோட்டாவுக்கே சிக்கிவிட்டது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் வாயில் நட்டுக்கொண்டு நின்றது.

"ரிப்பேரா?" என்றாள்.

"இல்ல. பிடி கொஞ்சம் தளர்ந்தாலே இந்தக் குட்டி கோவிச்சுக்கும்."

நடுத்தரத்தை எடுத்தாள். அவள் கைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. குறித்தாளில் விழுந்த அத்தனை ஓட்டைகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின.

"யம்மா! உன்கிட்ட இனிமே மரியாதையாத்தான் பேசணும்" என்றார் ஓட்டிஸ். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பெரியதில் அவள் விரல் விசையை எட்டவே சிரமப்பட்டது. குண்டுகள் எங்கெங்கோ போயின. ஆனால் கவுன்டருக்குத் திரும்பியதும் அதைத்தான் காட்டினாள்.

"இதையே எடுத்துக்கறேன்."

"நடுவுல உள்ளதுதானே உனக்கு நல்லா வந்தது?"

"பெரிய கைக்கு இதுதானே சௌகரியம்?" என்றவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, "தோட்டா அடைக்கிற மேகசினைக் கழட்டற பொத்தானை அந்தப் பக்கம் மாத்திக்கலாமா? இடது கைக்காரங்களுக்கு?" என்றாள்.

அதுவரை அவள் சுட்டதெல்லாம் வலது கையால்.

கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். ஒரு நீல டிரக் இன்ஜின் ஓடியபடி நின்றது. உள்ளே தொப்பி போட்ட ஓர் ஆள்.

"யாருக்கும்மா இது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை. "என் புருஷன் ராய்ஸுக்கு. அவரால வாங்க முடியாது. மொத பொண்டாட்டி தாடைய ஒடச்சிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர்."

"எதுக்காம்?"

"நாய்த் தொல்லையாம். எங்க வீட்டுப் பக்கம் நாயே கிடையாது மேடம். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்னு சொன்னேன். அதுலேர்ந்துதான் பிஸ்டல் பேச்சு."

"நான் இத உனக்கு விக்க முடியாது."

"வெறுங்கையோட அந்த வண்டில போய் நான் ஏற முடியாது."

ஓட்டிஸ் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் அவர் ஷெரிஃப் ஆபீஸோடு போனில் பேசுவது லேசாகக் கேட்டது. போலீஸ் வண்டி மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறதாம். வந்து சேரும்வரை சமாளிக்க வேண்டும்.

அதற்குள் கடைக் கதவு திறந்தது.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். மரியாதையான ஆள்போலத்தான் இருந்தான். "மன்னிக்கணும் மேடம். செருப்பு வாங்கவே இவளுக்கு அரை நாள் ஆகும்."

சிறைக்குப் போய்வந்தவன் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே குற்றம். தலைக்குமேல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பிஸ்டலைத் திறந்து, காலி என்று பார்த்துக்கொண்டு, அவனிடம் நீட்டினேன்.

இடது கையால் வாங்கினான்.

அதற்குப் பிறகு நான் பேசியதுபோல் என் வாழ்நாளில் பேசியதில்லை. இன்னொன்றை எடுத்தேன், அதன் பிடியைப் பற்றிச் சொன்னேன். மற்றொன்றை எடுத்தேன், மழையில் நனைந்தாலும், மண் புகுந்தாலும் சுடுமா என்று விளக்கினேன். அவனுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துச் சுவரைக் குறிவைத்தான், நியாயமான குறைகளைச் சொன்னான். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை ரசித்திருப்பேன்.

குட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். "இது தூரத்துக்கு ஆகாது. ஆனா வீட்டுக்குள்ள ஏது தூரம்?" கேள்வி எனக்கு, பார்வை கோராமேல்.

பிறகு, "ரெண்டு தோட்டா போட்டுக் குடுங்க. நெறஞ்ச எடை தெரியணும்" என்றான்.

"கடை விதி. இங்க தோட்டா போடக் கூடாது."

"விதி இருக்கறது நல்லதுதான்." சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே மனைவி பக்கம் திரும்பினான். "இவங்ககிட்ட என்னடி சொன்ன?"

என் இடுப்பில் என்னுடைய பிஸ்டல் இருந்தது. கையை அதன் பக்கம் கொண்டுபோனால் எல்லாம் கெட்டுவிடும். கவுன்டர்மேல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டேன்.

கோராதான் வாயைத் திறந்தாள். "உங்களுக்கு எது பிடிக்கும்னு சொன்னேன். அந்தக் கடைசில இருக்கே, பழைய மிலிட்டரி மாடல், அதப் பாக்கவே இல்லையே நீங்க?"

குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடைசி அலமாரிக்கு நடந்தான். நான் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அதை அவன் கையில் வைத்திருக்கும்போதுதான் ஷெரிஃபின் ஆட்கள் இருவர் சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். ராய்ஸ் அவர்களைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிஸ்டலை மெதுவாகத் துணிமேல் வைத்தான். விலங்கு மாட்டும்போது திமிறவில்லை.

"ஒவ்வொண்ணா அழகா எடுத்துக் காட்டினீங்க மேடம். மறக்க மாட்டேன்" என்றான்.

அன்று மாலையே ஓட்டிஸ் கோராவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆர்கன்ஸாவில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவந்தார். வழியெல்லாம் அவள் தூங்கினாளாம். கோர்ட்டில் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நான் சாட்சி சொன்னேன். ராய்ஸுக்குச் சில வருஷம் கிடைத்தது.

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. பதிவுசெய்த குரல். சாட்சி என்பதால் தெரிவிக்கிறோம், அடுத்த மாதம் அவர் விடுதலை ஆகிறார் என்றது. உடனே கோராவைக் கூப்பிட்டேன். அவள் எண் உபயோகத்தில் இல்லை. அக்காவின் எண்ணும் அப்படியே. அதுவே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நான் தேடியே கிடைக்காதவள் அவனுக்கும் கிடைக்கமாட்டாள்.

ஓட்டிஸிடம் சொன்னேன். வழக்கமாக எதற்கும் கேலி பேசுகிற மனிதர், எந்தத் தேதி என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைக்கு வந்து, என் நாற்காலியைக் கண்ணாடிக்கு எதிரேயிருந்து, வெளியே நிற்பவர் கண்ணில் படாதபடி சுவரோரமாக நகர்த்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.