ஆடாத நடை

என் மனைவி திரௌபதி என்னை முழுசாகத் திட்ட முடியாமல் போனபோதுதான் அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கு உறைத்தது. ஆரம்பிப்பாள். "ஏங்க, அறிவு இருக்குதா உங்களுக்கு, காலையிலேருந்து அந்த..." என்பதோடு மூச்சு முட்டி, சூளைச் சுவரில் கையை ஊன்றிக்கொள்வாள். மீதியை நானே யோசித்து என்னையே திட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது கஷ்டமில்லை. ஆனாலும் அவள் கைவரிசை வராது.

விருத்தாசலத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பீங்கான் பட்டறை. பிள்ளையார், யானை, மயில் என்று பொம்மைகள் போடுகிறோம். 'போடுகிறோம்' என்பது ஒரு மரியாதைக்கு. அச்சில் ஊற்றுவது, காயவைப்பது, சூளையில் அடுக்குவது எல்லாம் திரௌபதியும் அவளோடு வேலை செய்யும் பெண்களும்தான். நான் ஆர்டர் பிடிப்பேன், போன் பேசுவேன், டீ வாங்கி வருவேன். டீயில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

போன வருஷம் அவள் தலைசுற்றி விழுந்தாள். நாடித்துடிப்பு ரொம்பவும் மெதுவாகிவிட்டது என்று பாண்டிச்சேரியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மயக்கம் போனது, மூச்சு வாங்குவது வந்தது. அதுவும் எப்போதும் இல்லை. கடைத்தெருவுக்கு விறுவிறுவென்று நடந்து போய் வருவாள், ஒன்றும் ஆகாது. சூளைக்குப் போகாத பச்சை பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, வலது தோளில் வைத்துச் சூளைமேட்டில் ஏறினால் மட்டும் மேலே போவதற்குள் வாயால் மூச்சு விடுவாள்.

இரண்டு முறை சோதித்தார்கள். வராந்தாவில் கைவீசி நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கனிமொழி போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் சரியாவலன்னா பட்டறைய வாடகைக்கு வுட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அம்மா பலகை தூக்குனது போதும்."

போனை வைத்ததும் திரௌபதி என் பக்கம் திரும்பினாள். "அங்க போயி நான் என்னாங்க பண்ணுவேன்? அவ வூட்டு பால்கனியில உக்காந்து எதுத்த வூட்டு பால்கனிய பாக்கணுமா?" என்றாள். நான் எழுந்து டீ வாங்கப் போனேன்.

எங்கள் ஊர் இருதய டாக்டர் கோகுலகிருஷ்ணனின் கிளினிக்குக்கு பேஸ்மேக்கர் இன்ஜினியர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். இந்த முறை வந்தது மோகனப்பிரியா என்ற இளம்பெண். திரௌபதியின் தோளருகே ஒரு வட்டமான கருவியை வைத்துவிட்டு, மடிக்கணினி போன்ற ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் மெஷின் சேர்த்து வைத்திருந்த பழைய துடிப்பையெல்லாம் பார்த்தாள்.

"அம்மா, பகல்ல வேலை நேரம் பூரா அறுபதுலயே நிக்குது. சாயங்காலம் மட்டும் நூத்திபத்துக்கு ஏறுது. சாயங்காலம் என்னா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லையே பாப்பா. இவரு வண்டியில பின்னாடி உக்காந்து வூட்டுக்குப் போவேன். அப்பதான் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படபடப்பை அவள் முதலில் சொன்ன நாளிலிருந்து நான் சாயங்காலம் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். பவுடரும் உண்டு, அன்றைக்கும் உண்டு.

"ரோடு எப்படி இருக்கும்?" என்றாள் மோகனப்பிரியா.

"பைப்பு போட தோண்டுன ரோடு. ரோடு எங்க இருக்குது, பள்ளந்தான் இருக்குது."

"அதான் விஷயம். உங்க இதயம் தானா வேகம் ஏத்தாதும்மா, மெஷின்தான் ஏத்தணும். உடம்பு குலுங்குறத வெச்சுதான் நீங்க வேலை செய்றீங்கன்னு அதுக்குத் தெரியும். வண்டி குலுக்குனதுல நீங்க ஓடுறீங்கன்னு நெனச்சிருக்குது."

பக்கத்தில் நின்ற டாக்டர் என் பவுடரைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்போ வேலை செய்யும்போது நீங்க குலுங்கறதே இல்லையா?" என்று மோகனப்பிரியா யோசித்தாள். "சார், இவங்களுக்கு எதுல மூச்சு வாங்குதோ அதையே இங்க செய்யச் சொல்லிப் பாக்கலாமா?"

"செய்யட்டுமே. வெளியில சாய்தளம் இருக்குது" என்றார் டாக்டர்.

பலகை கொண்டுவர என்னை அனுப்பினார்கள். அந்த வேலைக்கு என்னைவிட நல்ல ஆட்கள் அந்த இடத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். வண்டியின் கால்வைக்கும் இடத்தில் பலகையைக் குறுக்கே வைத்து, பன்னிரண்டு பச்சைப் பிள்ளையார்களை ஏற்றிக்கொண்டு, அதே பள்ளங்கள் வழியாக வந்தேன். கிளினிக்கில் இறக்கியபோது நான்கு பேருக்குத்தான் தும்பிக்கை இருந்தது.

திரௌபதி பார்த்தாள். வாயைத் திறந்தாள். "அப்புறம் பேசிக்கலாம்மா, மொதல்ல நடங்க" என்று மோகனப்பிரியா குறுக்கே வந்து என்னைக் காப்பாற்றினாள்.

திரௌபதி பலகையைத் தோளில் ஏற்றினாள். சாய்தளத்தில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கால்கள் மட்டும் போயின. இடுப்புக்கு மேலே உடம்பு ரயில் பெட்டியில் வைத்த சாமான் மாதிரி அப்படியே நகர்ந்தது. பலகையில் உடைந்து கிடந்த தும்பிக்கைத் துண்டுகள்கூட உருளவில்லை. மூன்றாவது ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. திரையில் துடிப்பு அறுபது.

"அம்மா, ஏன் இப்படி ஆடாம நடக்குறீங்க?"

"பச்ச மண்ணு பாப்பா... ஆடுனா... தும்பிக்கை வுழுந்துரும்" என்றாள் மூச்சின் நடுவே. சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

மோகனப்பிரியா சிரித்துவிட்டாள். "சார், இவங்க மேடு ஏறுறாங்க. மெஷின் இவங்க நாற்காலியில உக்காந்திருக்காங்கன்னு நெனைக்குது!"

மூச்சின் வேகத்தைக் கவனித்துத் துடிப்பை ஏற்றுகிற இன்னொரு வசதியும் அந்த மெஷினுக்குள்ளேயே இருந்ததாம், அணைத்து வைத்திருந்தார்களாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மோகனப்பிரியா அதைத் திறந்தாள். வண்டிக் குலுக்கலுக்கு அவ்வளவு சுலபமாக ஏறாதபடியும் மாற்றினாள்.

"இப்ப கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்கம்மா. நீங்க சும்மா இருக்கும்போது மூச்சு எப்படி இருக்குதுன்னு மெஷின் படிக்கணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

எதிரே பலகையில் எட்டுப் பிள்ளையார்கள் தும்பிக்கையில்லாமல். அதற்குப் பக்கத்தில் நான். திரௌபதி பேசாமல் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

பிறகு மறுபடி பலகை, மறுபடி சாய்தளம். மோகனப்பிரியா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "எழுபத்திரெண்டு... எண்பத்தஞ்சு... தொண்ணூத்தாறு..." நான் சாய்தளத்தை ஒட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தச் சுவரில் கையை ஊன்றினால் கோயம்புத்தூர். ஊன்றாவிட்டால் பட்டறை.

மூன்று முறை ஏறிவிட்டு, திரௌபதி பலகையைச் சத்தமில்லாமல் மேசையில் இறக்கினாள். சுவர்ப் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏங்க, பன்னெண்டு புள்ளையார குடுத்தா எட்டு புள்ளையார மொட்டையாக்கிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்களே, அடியில ஒரு கோணிய மடிச்சுப் போடலாம்னு தோணலியா, பள்ளத்துல எறக்காம ஓரமா வரலாம்னு தோணலியா, அதுவும் இல்லன்னா வண்டிய அங்கியே போட்டுட்டு நடந்து வந்தா கால் தேஞ்சா பூடும், உங்கள போயி அனுப்புனாங்க பாரு, அவங்கள சொல்லணும்!"

ஒரே மூச்சு. நடுவில் ஒரு இடைவெளி இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகக் கனிமொழிக்குப் போன் போட்டு அவள் பக்கம் நீட்டினேன். திட்டு தொடர்ந்தது.

"அப்பா, அம்மாவா அது?" என்று கனிமொழி கத்தினாள். "மூச்சு வுடாம திட்டுது!"

"மேடு ஏறி எறங்கிட்டு வந்து திட்டுறாம்மா."

கனிமொழி இன்னும் கொஞ்சம் திட்டைக் கேட்டுக்கொண்டாள். "சரி சரி, பட்டறைய யாருக்கும் வுட வேணாம்" என்றாள்.

திரும்பும்போது பள்ளத்தில் வண்டி குதித்தது. "இப்பவும் படபடங்குதா?" என்று கேட்டேன்.

"இல்லையே" என்றாள் பின்னாலிருந்து. "ஏன், படபடங்கணுமா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிள்ளையார்களைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள்.

வீடு பக்கத்தில்தான். திட்டோ இன்னும் பாக்கி இருந்தது. வண்டியை மணிமுத்தாற்றுப் பாலம் வழியாகச் சுற்றி விட்டேன்.