நான்காம் மேசைக் கட்டு

"நீ பார்த்தே."

"பார்க்கல."

"ஒன்பதாம் மேசை. ஜன்னலோரம். நம்ம ஓட்டுக் கட்டு ஒண்ணு எதிர்த்து நின்ன அந்தம்மா தட்டுல..."

"பார்க்கலேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு..."

"...விழுந்திருக்கு! விழாம முப்பத்தோரு ஓட்டுல எப்படித் தோற்பேன்? அங்க உட்கார்ந்திருந்தது நீதானே? பார்க்கலேன்னா எதுக்கு உட்கார்ந்திருந்தே? காத்து வாங்கவா?"

"காத்தா! சீட்டு பறந்துடும்னு அந்த மண்டபத்துல ஃபேனையே நிறுத்தி வெச்சிருந்தாங்க."

"மாமா, அத்தை, ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா நான் யார் சொல்றதை எழுதறது?"

மூன்றாவது குரல் மாமாவின் அக்காள் மகளுடையது. வக்கீல். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தேர்தல் வழக்கு மனுவைப் பரப்பி வைத்திருந்தாள். முடிவு அறிவித்து நாற்பத்தைந்து நாள். மனு போட இன்றுதான் கடைசி. நீதிமன்ற அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால். மாமாவின் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் விழுந்துவிட்டது. அத்தையின் சாட்சி வாக்குமூலத்தில் மட்டும் கோடு காலியாகக் கிடந்தது.

அத்தையை ஊரில் எல்லாரும் டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள். கட்டிய கணவருக்கும் அவள் டீச்சர்தான். அவரோ கண்டக்டர். அரசியலுக்கு வருமுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். சட்டமன்றத்தில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. "நம்ம கண்டக்டர் யாரையும் பாதி வழியில இறக்கிவிட மாட்டாரு" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து முறை ஏற்றிவிட்டார்கள். இந்த முறை விசில் ஊதி இறக்கிவிட்டார்கள்.

"அத்தை, முழுசா படிச்சுக் காட்டறேன். அப்புறம் சொல்லுங்க." வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "மனுதாரர் இத்தொகுதியில் ஏழு முறை போட்டியிட்டு ஐந்து முறை வெற்றி பெற்றவர். முதல் தேர்தலில் இருபத்து மூன்று வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி. இரண்டாவதில் நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று. மூன்றாவதில் தோல்வி..."

"தோத்ததை எதுக்கும்மா படிக்கிறே?"

"நீதிபதிக்கும் எண்ணத் தெரியும் மாமா. நாலு, அஞ்சு, ஆறு மூணுலேயும் வெற்றி. பெரிய ஆஸ்பத்திரி, ஆத்துப் பாலம், பெண்கள் பள்ளிக்கூடம், எல்லாம் போட்டிருக்கேன்."

"பாலம் ரெண்டுன்னு போடு."

"ரெண்டாவது பாலம் இன்னும் பாதிதானே நிக்குது?"

"நான் ஜெயிச்சிருந்தா மீதியும் நின்னிருக்கும்!"

டீச்சர் காதில் பாலமும் விழவில்லை, ஆஸ்பத்திரியும் விழவில்லை. இருபத்து மூன்று என்ற எண் மட்டும் விழுந்தது. முப்பது வருடமாக அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மேடையில் சொல்வார்கள். மாலை போட்டுச் சொல்வார்கள். "இருபத்து மூணே ஓட்டுல ஜெயிச்சு வந்த சிங்கம்!" அவள் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பாள்.

"இப்ப உங்க வாக்குமூலம் அத்தை. 'நான் ஏழு தேர்தல்களிலும் மனுதாரரின் வாக்கு எண்ணும் முகவராக இருந்தேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கட்டும் இடம் மாறியதில்லை. இந்த முறை ஒன்பதாம் மேசையில், மனுதாரருக்கு விழுந்த ஐம்பது சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்று எதிர் வேட்பாளரின் தட்டில் வைக்கப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன்.' அவ்வளவுதான். இதை வெச்சுத்தான் கட்டுகளைப் பிரிச்சு எண்ணச் சொல்லிக் கேட்க முடியும். இது இல்லேன்னா மனு நிக்காது."

"அடிச்சுடு அந்த வரியை."

"எந்த வரி?"

"கண்ணுக்குத் தப்பினதில்லைன்னு எழுதியிருக்கியே, அதை."

கண்டக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "பெருமையா எழுதியிருக்கா, அதுவும் வேண்டாமா? உனக்கு என்னதான் வேணும் டீச்சர்? நான் பொய்யா சொல்லச் சொல்றேன்? நம்ம கட்டு போயிருக்கு. எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியும். நீ பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா, பிரிச்சு எண்ணுவாங்க, உண்மை தானா வெளிய வரும். உண்மையைக் கொண்டுவர ஒரு வார்த்தை. அதுல என்ன பாவம்?"

"பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?"

"இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஓட்டு இருக்கும்னு நெனச்சேன்."

அது சுருக்கென்று தைத்தது. டீச்சர் மேசையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் டம்ளரோடு அவர் பக்கம் நகர்த்தினாள். ரத்தக் கொதிப்பு மாத்திரை. காலையில்தான் வாங்கி வந்தாள். அவர் இன்னும் போடவில்லை.

மருந்துக்கடைக்காரர் எப்போதும் போலக் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கிக் காகித உறையில் போட்டுக்கொடுத்திருந்தார். "கண்டக்டர் எப்படி இருக்கார் டீச்சர்? கொதிப்பு ஏறியிருக்குமே. ஒரு மாசம் ஏறும், அப்புறம் தானா இறங்கிடும். எனக்கு இறங்கிச்சே" என்று சிரித்தார். முதல் தேர்தலில் அந்த இருபத்து மூன்று வாக்கில் தோற்றவர் அவர்தான். அதற்குப் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. அவள் மாதாமாதம் அந்தக் கடை முன் போய் நின்றாள். ஊரில் வேறு மருந்துக்கடை இல்லாமல் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். "ஒரு அட்டை போதுமா, ரெண்டு தரட்டுமா?" என்று அவர் கேட்பார். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

"மாமா, மூணரை ஆச்சு. இங்கேர்ந்து கோர்ட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்."

"உன் அத்தைகிட்ட சொல்லு."

"அத்தை..."

டீச்சர் பேனாவை எடுத்தாள். கண்டக்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வக்கீல் தாளை அவள் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தாள்.

"பார்த்தேன்னே எழுதிக்கோம்மா" என்றாள் டீச்சர். "கையெழுத்துப் போடறேன். ஆனா மேசை ஒன்பது இல்ல, நாலு. தேதியையும் மாத்து. முப்பது வருஷம் முன்னாடி தள்ளு."

வக்கீலுக்குப் புரியவில்லை. "எதைத் தள்ளறது?"

"தட்டையும் மாத்தணும். கட்டு நம்ம தட்டுலேர்ந்து போகல. நம்ம தட்டுக்கு வந்துச்சு."

டம்ளரைத் தூக்கிய கண்டக்டரின் கை பாதியில் நின்றது. "என்ன உளர்றே?"

உளறவில்லை. முப்பது வருடமாக உள்ளுக்குள் எழுதித் திருத்தி, எழுதித் திருத்தி, பிழை இல்லாமல் வைத்திருந்ததைத்தான் சொன்னாள். சொல்லும்போது குரல் வகுப்பறைக் குரலாகவே இருந்தது.

அன்று நான்காம் மேசை. மதியச் சாப்பாடு முடிந்து எண்ணும் ஆட்கள் கண் செருகிக்கொண்டிருந்த நேரம். கண்டக்டருக்குக் கத்தரிக்கோல் சின்னம், மருந்துக்கடைக்காரருக்குக் கரண்டி. சீட்டில் கத்தரிக்கோல் முதல் வரிசை, கரண்டி கடைசி வரிசை. கத்தரிக்கோலுக்குக் குத்தினால் முத்திரை மேலே விழும். கரண்டிக்குக் குத்தினால் கீழே. எண்ணியவர் ஐம்பது சீட்டை விசிறி மாதிரி விரித்துச் சரிபார்த்து, ரப்பர் வளையம் போட்டு, மேலே சின்னத்தின் துண்டுச் சீட்டைச் செருகினார். விரித்தபோது ஐம்பது முத்திரையும் கீழே இருந்தன. செருகியது கத்தரிக்கோல் துண்டு. கட்டு கத்தரிக்கோல் தட்டுக்குப் போயிற்று.

"பரீட்சைத் தாள் கட்டுப் பார்த்துப் பழகின கண்ணு எனக்கு. ஓரம் பார்த்தாலே போதும். பார்த்தேன்."

"கரண்டி ஆள் எங்க போனான்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"பக்கத்துல செல்லாத சீட்டு ஒண்ணுக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருந்தார். ஒரே ஒரு சீட்டு. அதுக்குள்ள ஐம்பது போயிடுச்சு. எனக்குக் கட்சி ஆபீஸ்ல என்ன சொல்லி அனுப்பினாங்க, ஞாபகம் இருக்கா? நம்ம கட்டு அடுத்தவன் தட்டுக்குப் போகாம பாரு, அவன் கட்டைப் பார்க்க அவன் ஆள் இருக்கான். ஒவ்வொருத்தரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். தன் கட்டு போகுதான்னு பார்க்க ஆள் இருந்துச்சு. வந்துச்சான்னு பார்க்க யாருமே இல்ல. நான் பேனா மூடியைக் கழட்டினேன். எழுதிக் கொடுக்கலாம்னு. அப்புறம், அம்பதாயிரத்துல ஐம்பது, என்ன ஆகிடப் போகுதுன்னு மூடியைப் போட்டுட்டேன்."

"மறுபடி எண்ணினாங்களே?"

"கட்டை எண்ணினாங்க. பிரிக்கல."

வக்கீல் பேனாவை மூடிவிட்டாள். "அத்தை, நான் இதைக் கேட்கல" என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேட்டுட்டேன்" என்றாள் மெல்ல.

"இருபத்து மூணுன்னு மைக்குல சொன்னப்ப நீங்க அழுதீங்க" என்றாள் டீச்சர். "ராஜினாமா எழுதிக் கொடுத்து, கண்டக்டர் பையையும் விசிலையும் டெப்போல திருப்பிக் கொடுத்துட்டு வந்திருந்தீங்க. தோத்தா திரும்பிப் போக வேலை இல்ல. நான் அந்த மண்டபத்து வாசப்படியில உட்கார்ந்து மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இங்க ஐம்பது குறையணும், அங்க ஐம்பது ஏறணும். அவர் எழுபத்தேழு ஓட்டுல ஜெயிச்சிருக்கார். வகுப்புல பிள்ளைங்க அந்த எண்ணை எழுதினாக்கூட நான் போர்டை அழிச்சுடுவேன்."

கண்டக்டர் உட்கார்ந்தார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, இருந்தது. மாத்திரை அவர் உள்ளங்கையில் கரைந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மத்த நாலு தடவையும்?"

"அது நீங்க ஜெயிச்சது. என் கண்ணால பார்த்து எண்ணினது. ஒரு சீட்டு சந்தேகம் கிடையாது."

"முதல் தடவை சட்டசபைக்குப் போகாம அந்த நாலு எங்கேர்ந்து வரும்?" என்று அவர் தன்னையே கேட்பது போலக் கேட்டார். எதிர்ச் சுவரில் அவருடைய படங்கள் வரிசையாகத் தொங்கின. பாலத் திறப்பு, ஆஸ்பத்திரித் திறப்பு. முதல் படத்தில் கழுத்து நிறைய மாலையோடு ஓர் ஒல்லி மனிதர் சிரித்தார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். அந்தப் படத்தைத் துடைப்பது மட்டும் எப்போதும் டீச்சர்தான். வேலைக்காரம்மாவை விடமாட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" திடீரென்று குரல் உயர்ந்தது. "முப்பது வருஷம்! என் பக்கத்துல படுத்து, என் தட்டுல சோறு போட்டு... ஒரு நாள் சொல்லக்கூடாதா? நேர்மையானவன் நேர்மையானவன்னு மேடைக்கு மேடை கத்தினேனே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? என்னை ஊரைக் கூட்டி ஆட வெச்சுட்டியே!"

"அன்னைக்கு நாலு மணிக்கு, மாலை கழுத்துல விழறதுக்கு முன்னாடி, நான் வந்து உங்க காதுல சொல்லியிருந்தா, நீங்க அதைச் சொல்ல மைக்குக்கிட்ட போயிருப்பீங்களா?"

அவர் பார்வை முதல் படத்துக்குப் போயிற்று. பேச்சில் ஒருநாளும் பின்வாங்காத மனிதர். சட்டமன்றத்தில் சபாநாயகர் மணியடித்தாலும் நிறுத்தாதவர்.

"அது தெரியாமத்தான் சொல்லல" என்றாள் டீச்சர். "போயிருப்பீங்கன்னா நம்ம பொழப்பு போயிடும். போயிருக்க மாட்டீங்கன்னா... அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி உங்களோட குடும்பம் நடத்தறது? ரெண்டுக்கும் பயந்தேன்."

கடிகாரம் நான்கை நெருங்கியது. வக்கீல் எழுந்து தாள்களை அடுக்கத் தொடங்கினாள். பாதி அடுக்கியதும் நின்றாள்.

"மாமா. அத்தை வாக்குமூலம் இல்லாமலும் மனுவைப் போட்டுப் பார்க்கலாம். தள்ளுபடி ஆகும், ஆனா போட்டோம்னு ஒரு பேர் இருக்கும். போகணும்னா இப்பவே கிளம்பணும். அத்தை சொன்னது இந்த அறையைவிட்டு வெளிய போகாது, அதை நான் பார்த்துக்கறேன்."

கண்டக்டர் மனுவை வாங்கினார். முதல் பக்கத்தைப் புரட்டினார். 'இருபத்து மூன்று வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி' என்ற வரியில் கட்டைவிரல் நின்றது. பழைய கண்டக்டர் விரல். சில்லறை தடவித் தடவி நுனி தேய்ந்தது. அந்த வரியின் மேல் மாத்திரையின் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டது.

"அந்தம்மா நல்லா படிச்சவங்கன்னு சொல்றாங்க" என்றார்.

"யாரு மாமா?"

"என்னைத் தோற்கடிச்சவங்க. மீதிப் பாலத்தைக் கட்டிடுவாங்க, இல்ல?"

பதில் வருமுன்பே மனுவை மடித்தார். ஒரு முறை, இரண்டு முறை. அதை வக்கீலிடம் திருப்பிக் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்து, அதன் மேல் தண்ணீர் டம்ளரைத் தூக்கி வைத்தார்.

"நீ வீட்டுக்குப் போம்மா. உன் அம்மாகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லு."

வக்கீல் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. வாசற்கதவு சாத்திக்கொண்டது. டீச்சர் மேசையிலிருந்து மாத்திரை உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உறையில் கடை முத்திரை நீல மையில், கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அதன் கீழே மருந்துக்கடைக்காரரின் கையெழுத்தில், 'காலை ஒன்று, சாப்பிட்ட பிறகு'.

கண்டக்டர் எழுந்து உள்ளே போனார். முகம் கழுவும் சத்தம் வந்தது. வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கட்சிக்கரை வேட்டியை மாற்றி, வீட்டில் கட்டும் சாதாரண வேட்டி கட்டியிருந்தார். எதிர்ச் சுவருக்குப் போய் முதல் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். அதன் பின்புறம் படிந்திருந்த தூசியை முன்கையால் துடைத்து, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசல் வரை போய் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"டீச்சர், அவர் கடை எத்தனை மணிக்கு மூடுவார்?"