கிழியாத கடவுச்சீட்டு

விமானம் பிராங்பேர்ட்டில் இறங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது இராசலிங்கம் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு உள்பனியன் பைக்குள் இருந்து கடவுச்சீட்டை எடுத்து, தண்ணீர்க் குழாயடியில் வைத்துவிட்டு, அதை எங்கே பிடித்துக் கிழிப்பது என்று யோசித்தார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இந்த வேலைக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்ததும் முதல் கண்ட கழிப்பறையில் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பொலிசிடம் போனார். ஏஜென்சிக்காரன் படித்துப் படித்துச் சொன்ன விஷயம் அது. கடவுச்சீட்டு இருந்தால் எங்கிருந்து வந்தாய், எப்போது வந்தாய் என்று பார்த்துத் திருப்பி ஏற்றுவான். இல்லாவிட்டால் அவன் நீ சொல்வதைத்தான் எழுதவேண்டும். நாற்பது வருடத்தில் இராசலிங்கத்துக்கு யாராவது சொல்லி, அது அப்படியே நடந்தது என்றால் அந்த ஒரு சொல்தான். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துகள் அவருக்குத் தெரியும். அவற்றை எழுதியவனின் உள்நோக்கம்தான் தெரியாது.

இந்தமுறை பிரச்சினை திகதிகள். இரண்டு மாதத்தில் திரும்புகிறேன் என்று ஊருக்குப் போனவர் பதினான்கு மாதம் சாவகச்சேரியில் நின்றுவிட்டார். காரணம் வேலி. பக்கத்து வளவுக்காரன் வேலிக் கதியால்களைப் பிடுங்கி இரண்டடி உள்ளே தள்ளி நட்டுவிட்டான். வழக்குப் போட்டார். நீதிமன்றம் தவணைக்கு மேல் தவணை கொடுத்தது. பதிலுக்கு ஆள் நிற்க அட்டர்ணித் தத்துவம் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று சட்டத்தரணி கேட்டார். கொடுத்தால் அந்த ஒருவர் பக்கத்து வளவுக்காரனோடு சேரமாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்று இவர் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பதினான்காம் மாதம், ஜெர்மனியில் அவர் குடியிருந்த கெல்சென்கிர்ச்சன் நகரில் இருந்து கூட்டாளி பாலமுருகன் போன் எடுத்தார். தன் மேல் இரண்டு வழக்கு நடந்தபடியால் ஊரில் சட்டம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர். "லிங்கண்ணை, ஆறு மாசத்துக்கு மேல வெளியில நிண்டால் நிரந்தர விசா செத்திடும். தெரியாதோ? உங்கட விசாவுக்கு இப்ப எட்டு மாசத் திவசம்."

இராசலிங்கம் போனை வைத்தார். போனில் விசா விஷயம் கதைக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மகள் கஜந்தி இந்தப் பதினான்கு மாதத்தில் நாலைந்து தரம் "அப்பா, உங்கட விசா விஷயமா ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் "அது போனில கதைக்கப்படாது" என்று துண்டித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு நாமே ஏன் எடுத்துக்கொடுக்க வேண்டும்?

அடுத்த கிழமை தீர்ப்பு. தீர்ப்பன்று ஆள் நிற்காவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகும் என்று சட்டத்தரணி சொன்னார். ஒரு பக்கம் இரண்டடி நிலம். மறு பக்கம் நாற்பது வருட ஜெர்மனி. மகள், ஓய்வூதியம், மருந்து, மனைவி சாம்பலான இடம். இரண்டு இரவு யோசித்துவிட்டு வேலியை விட்டார்.

ஜெர்மன்காரன் தன் விசா உள்ளவனுக்கு முத்திரை குத்துவதில்லை. ஆகவே பதினான்கு மாதத்துக்குச் சாட்சி கடவுச்சீட்டில் கொழும்பு குத்திய முத்திரைதான். வதிவிட அட்டை தனியாக இருக்கிறது. சாட்சியை ஒழித்துவிட்டால் ஐந்து மாதம் என்று சொல்லலாம். இதுதான் திட்டம்.

உறையில் இருந்து கடவுச்சீட்டை உருவியபோது பின்பக்கத்து மடிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. விரித்துப் பார்த்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தின் முத்திரை. அவருடைய பெயர். பிறந்த திகதி. கீழே ஒரு கையெழுத்து. மேலும் வாசிக்க வேண்டிய தேவை அவருக்குத் தோன்றவில்லை. அந்த அலுவலகத்திலிருந்து நல்ல செய்தி எதுவும் தாளில் வந்து அவர் கண்டதில்லை. தனக்குத் தெரியாமல் தன் உறைக்குள் தாள் ஏறியிருக்கிறது என்பதே போதும். அதைப் பதினாறு துண்டாகக் கிழித்துக் கோப்பைக்குள் போட்டுப் பொத்தானை அமுக்கினார். பெரிய இரைச்சலோடு போய்விட்டது.

கடவுச்சீட்டு அப்படிப் போகவில்லை. மட்டை வளைந்தது, கிழியவில்லை. படம் இருந்த பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். பல்லால் கடித்துப் பார்த்தார். மேல்வரிசைக் கட்டுப்பல் கழன்று கைக்கு வந்தது. முத்திரைப் பக்கத்தில் பாதியைக் கிழித்ததோடு வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். உறையோடு சேர்த்துக் கை துடைக்கும் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டிக்குள் அடிமட்டும் தள்ளிவிட்டு, பல்லைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

*

எல்லைப் பொலிஸ் ஒரு இளம் பெண். அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கடவுச்சீட்டு?"

"நிக்ஸ் டொய்ச்," என்றார் இராசலிங்கம். ஜெர்மன் தெரியாதாம். இதுவும் எண்பத்தைந்தாம் ஆண்டுப் பாடம்தான். பாஷை தெரிந்தவனிடம் கூடுதலாகக் கேட்பார்கள்.

அவள் அவரை ஒரு அறைக்குள் கொண்டுபோய் இருத்தினாள். கையால் காட்டி, சைகை செய்து, மெதுவாகக் கேட்டாள். அவர் அரைகுறைச் சொல்லில் தொலைந்துவிட்டது என்றார். எவ்வளவு காலம் வெளியே இருந்தீர்கள் என்றாள். ஐந்து விரலைக் காட்டினார். "மாதம்." அவள் எழுதிக்கொண்டாள்.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். கடவுச்சீட்டு இல்லாமல் வருகிற எல்லோரிடமும் கேட்கவேண்டிய கேள்வி போலிருக்கிறது. "நீங்கள் ஜெர்மனியில் அசூல் கேட்க விரும்புகிறீர்களா?"

அகதித் தஞ்சம். இராசலிங்கத்துக்குத் தலைக்குள் ஏதோ ஏறியது. 

"அசூல் நான் நீ பிறக்கமுதல் கேட்டாச்சு," என்று நல்ல ரூர் வட்டார ஜெர்மனில், தொழிற்சாலைக் குரலில் சொன்னார். "இருபத்தொன்பது வருஷம் இரும்புக் குழாய் உருட்டினவன் நான். என் முதுகு இந்த நாட்டில்தான் போனது. வரி கட்டினேன். மாநகர சபைக்குக் குப்பைக் காசு கட்டினேன். இனி இரண்டாம் தரம் அகதியாக வரச்சொல்கிறாயா?"

அவள் படிவத்தைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தாள்.

"உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறது," என்றாள் அவள். அதையும் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு வனஜா வந்தார். விமானம் துப்புரவு செய்யும் குழுவின் மேற்பார்வைக்காரி, அறுபது வயதிருக்கும், பச்சை மேற்சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஈரத் தாள் ஒட்டிய கடவுச்சீட்டு.

"கழிப்பறைத் தொட்டியில் கிடந்தது," என்று பொலிஸ்காரியிடம் சொல்லிவிட்டு, கதிரையில் இருந்தவரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார். "இது உங்கடயோ, அண்ணை?"

இராசலிங்கம் சுவரைப் பார்த்தார்.

"படத்தில நீங்கள்தான். பல்லுத்தான் கொஞ்சம் வித்தியாசம்."

"தொட்டிக்குள்ள கிடக்கிறதை எடுத்துக் கிளறுறதோ உனக்கு வேலை?"

"ஓம். அதுக்குத்தான் சம்பளம் தருகினம்." வனஜா பையை மேசையில் வைத்தார். "நானும் எண்பத்தாறில கிழிச்சனான். அது கிழிஞ்சுது. இது கிழியாது அண்ணை. இப்ப ஒருத்தரும் கிழிக்கிறேல்லை."

பொலிஸ்காரி கையுறை போட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். பாதி முத்திரை போதுமாக இருந்தது. சென்ற வருடம் மார்ச் மாதம். அவள் விரல்களை மடித்து எண்ணினாள். ஒரு கையின் விரல் போதவில்லை. மறு கைக்கும் போனாள்.

"ஐந்து மாதம் என்றீர்கள்."

இராசலிங்கம் கணக்குப் பார்த்தார். வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றுவார்கள். கொழும்பில் போய் இறங்கினால் வேலியும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. கெல்சென்கிர்ச்சன் வீட்டுச் சாவி காற்சட்டைப் பையில் கிடந்து தொடையில் குத்தியது.

"ஆர் உங்களைக் கூட்டிப்போக வந்தது?" என்று வனஜா கேட்டார்.

"மகள். வெளியில நிப்பாள்."

"அவவின்ர நம்பரைச் சொல்லுங்கோ."

"நம்பர் எதுக்கு?"

"கூப்பிடத்தான். விக்கிறதுக்கில்லை."

அவர் பொலிஸ்காரியைப் பார்த்தார், வனஜாவைப் பார்த்தார், கூரையில் இருந்த கமராவைப் பார்த்தார். பிறகு ஒரு இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு, நம்பரைச் சொன்னார்.

பொலிஸ்காரி தலையாட்டியதும் வனஜா போனைச் சத்தமாக்கி மேசையில் வைத்தார். விஷயத்தை இரண்டு வசனத்தில் சொன்னார். கஜந்தியின் குரல் வந்தது.

"அப்பா, பாஸ்போர்ட் கவருக்குப் பின்னால ஒரு பேப்பர் வச்சனான். அதைக் குடுத்தனீங்களோ?"

வனஜா பைக்குள் கிடந்த உறையை விரலால் விரித்துப் பார்த்தார். வெறுமை.

"அப்பா?"

"ஆர் உன்னை வைக்கச் சொன்னது?"

"நீங்கள் போகமுதலே அலுவலகத்தில எடுத்து வச்சனான். பதினஞ்சு வருசத்துக்கு மேல சட்டப்படி இருந்து, ஓய்வூதியத்தில சீவிக்கிறவைக்கு ஆறு மாசக் கணக்கு இல்லை. எவ்வளவு காலம் வெளியில நிண்டாலும் விசா சாகாது. அதைத்தான் அதில எழுதியிருக்கு."

"என்ரை கையெழுத்தில்லாமல் எப்பிடிக் குடுத்தவங்கள்?"

"அம்மா செத்த வருசம் எனக்கு ஃபோல்மாக்ட் எழுதிக் கையெழுத்து வச்சுத் தந்தனீங்கள். எல்லா அலுவலும் பாக்கலாம் எண்டு."

அந்த ஒரு கையெழுத்துக்காக இராசலிங்கம் பத்து வருடமாகத் தன்னையே ஏசிக்கொண்டிருப்பவர். இன்றைக்கும் ஏசுவதற்கு வாய் திறந்தார்.

"வைக்கேக்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் கிழிச்சிருப்பீங்கள்."

வனஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் துடைப்பது போல நின்றார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"இப்ப அது எங்க, அப்பா?"

"மேல," என்றார் இராசலிங்கம். "வாற வழியில எங்கயும் விழுந்திருக்கும்."

"இப்ப விமானத்தில இருந்து கீழ விழுறேல்லை அண்ணை," என்றார் வனஜா, திரும்பாமலே. "எல்லாம் தாங்கியிலதான் நிக்கும். ஆனால் அதுக்குள்ள தேட என்னைக் கேளாதேங்கோ."

கஜந்தி எதையும் படம் பிடித்துக் கோப்பில் போட்டு வைப்பவள். பேத்தியின் பால்பல் விழுந்த திகதிக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறாள் என்று இராசலிங்கம் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் அந்தத் தாளின் படம் பொலிஸ்காரியின் கணினிக்கு வந்தது. அவள் கெல்சென்கிர்ச்சன் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். திங்கட்கிழமை காலை, அங்கே யாரோ எடுத்தார்கள். அதுவும் இராசலிங்கத்துக்குச் சந்தேகமாகவே இருந்தது. அவர் கூப்பிட்டால் எடுக்காதவர்கள்.

"சரி," என்றாள் பொலிஸ்காரி. "நீங்கள் உள்ளே போகலாம். பதினான்கு மாதம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் போயிருப்பீர்கள். இப்போது கடவுச்சீட்டைச் சேதப்படுத்தியதும் பொய் சொன்னதும் இருக்கிறது. அதற்குத் தனியாகக் கடிதம் வரும். இந்தக் கடவுச்சீட்டு இனிப் பயணத்துக்கு உதவாது. உங்கள் தூதரகத்தில் புதிது எடுக்க வேண்டும்."

அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் மகள் வந்து வாசித்த பிறகுதான் போடுவேன் என்றார். மகள் உள்ளே வரமுடியாது என்றாள். அப்படியென்றால் இங்கேயே இருக்கிறேன் என்றார். கடைசியில் வனஜா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "பல்லால் கடித்தேன்" என்று எங்கும் எழுதவில்லை என்பதை இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

வாசலில் வனஜா, "சுகமாப் போட்டு வாங்கோ அண்ணை," என்றார்.

"நீ அதை எடுக்காமல் விட்டிருந்தால்?"

"அசூல் படிவம் நிரப்பியிருப்பீங்கள்."

*

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. லிம்பர்க் தாண்டியதும் இராசலிங்கம் கேட்டார்.

"அந்தப் பேப்பர். எவ்வளவு காலமெண்டாலும் எண்டுதானே சொன்னனீ?"

"ஓம்."

"ரெண்டு வருசமெண்டாலும்?"

"ஓம் அப்பா."

அவர் வெளியே பார்த்தார். வேலிக் கதியால் ஒவ்வொன்றாக மனதில் வந்தது. தீர்ப்பு வியாழக்கிழமை. இன்னும் மூன்று நாள்.

"அப்ப நான் சும்மா ஓடி வந்திருக்கிறன்."

"தீர்ப்புக்கு நிண்டிட்டு வந்திருக்கலாம். நான் ஒவ்வொரு தரமும் அதைத்தானே சொல்ல வந்தனான். நீங்கள் கதைக்க விட்டனீங்களோ?"

"இப்ப திரும்பிப் போக ஏலாதோ?"

"எந்தப் பாஸ்போர்ட்டில போறது? தூதரகத்தில ஆளைச் சந்திக்க ரெர்மின் கிடைக்கவே மூண்டு மாசம் செல்லும்."

எவ்வளவு காலமும் வெளியே நிற்க உரிமையுள்ள இராசலிங்கம், எங்கும் போகமுடியாமல், ஆசனப் பட்டியை இழுத்துச் சரிசெய்தார்.

கஜந்திக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "லோயருக்கு இப்பவே போன் எடுப்பம், அப்பா. ஒரு ஆளை உங்களுக்காக நிக்கச்சொல்லிச் சொல்லுவம். என்ன எழுதித் தரவேணுமெண்டும் கேப்பம்," என்று வண்டியின் திரையைத் தட்டி இலக்கத்தைத் தேடினாள். அழைப்பு போகத் தொடங்கியது. ஒரு மணி. இரண்டு மணி.

மூன்றாவது மணிக்கு முன் இராசலிங்கம் கையை நீட்டித் துண்டித்தார்.

"அது போனில கதைக்கப்படாது," என்றார்.